கண், வாய், கை

இரவு பதினொன்றரை மணி. ஏதோ ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் விபத்துப் பிரிவு. பைக்கிலிருந்து விழுந்த ஒருவரை 108 ஆம்புலன்ஸிலிருந்து ஸ்ட்ரெச்சரில் இறக்குகிறார்கள். ஹவுஸ் சர்ஜன் குனிந்து அவர் காதருகே சத்தமாகக் கேட்கிறார்: “அண்ணா, கண்ணைத் தொறங்க. உங்க பேர் என்ன? இப்ப எங்க இருக்கீங்க? வலது கையைத் தூக்குங்க பார்ப்போம்.” கூட வந்தவர்களுக்கு எரிச்சலாக இருக்கிறது. ரத்தம் கொட்டிக்கிட்டு இருக்கு, இவர் என்னடான்னா பேர் கேட்டுக்கிட்டு நிக்கிறார்! அதற்குள் கேஸ் ஷீட்டில் ஒரு வரி ஏறிவிடுகிறது. ஜி.சி.எஸ். 15. அல்லது 13. அல்லது 7.

அடுத்த ஒரு மணி நேரத்தில் நடக்கப்போகும் பலவற்றை அந்த எண்தான் தீர்மானிக்கிறது. 15 என்றால் பெரும்பாலும் தையல் போட்டு, சில மணி நேரம் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, “வாந்தி எடுத்தாலோ, எழுப்பினா எந்திரிக்காம தூங்கிக்கிட்டே இருந்தாலோ உடனே கூட்டிட்டு வாங்க” என்று அனுப்பிவிடுவார்கள். 8 அல்லது அதற்குக் கீழே என்றால் மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்தும் பேச்சு வரும். நரம்பியல் அறுவை சிகிச்சை வசதியுள்ள ஊருக்கு மறுபடியும் ஆம்புலன்ஸ் கிளம்பும்.

கண், வாய், கை. அந்த இளம் மருத்துவர் பார்த்தது இந்த மூன்றைத்தான். கேட்க மிக எளிமையாக இருக்கிறது. ஆனால் இந்த எளிமைக்கு வந்துசேர மருத்துவத்துக்கு ஏறக்குறைய 3,500 ஆண்டுகள் ஆயின. வந்துசேர்ந்த பிறகும், இந்த மூன்று கேள்விகளின் கைக்கு எட்டாமல் நழுவியவர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். தலைக்காயத்தின் வரலாறு இந்த இரண்டும் சேர்ந்ததுதான்.

*

1862-ஆம் ஆண்டு எகிப்தின் லக்ஸர் நகரில் எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் ஒரு பழைய பாப்பிரஸ் சுருளை விலைக்கு வாங்கினார். அதன் முழு மொழிபெயர்ப்பை ஜேம்ஸ் ஹென்றி பிரெஸ்டெட் 1930-இல் வெளியிட்டபோதுதான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உலகத்துக்குத் தெரிந்தது. சுருள் எழுதப்பட்டது கி.மு. 1600 வாக்கில். அதுவே இன்னும் பல நூற்றாண்டுகள் பழைய நூலொன்றின் பிரதி என்பது ஆய்வாளர்களின் கருத்து. மூளைக்கென்று ஒரு சொல் எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய இடம் இதுதான்.

அதில் 48 நோயாளிகள் இருக்கிறார்கள். தலையில் தொடங்கிக் கீழ்நோக்கி வரிசையாகப் போகிறது. முதல் 27 பேரும் தலையிலும் முகத்திலும் அடிபட்டவர்கள். எழுதியவர் முதுகெலும்புக்கு வந்ததும் ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

இந்தச் சுருளில் நம்மை ஆச்சரியப்படுத்துவது அதன் ஒழுங்கு. காயத்தை விரலால் தடவிப் பார். மூக்கிலும் காதிலும் ரத்தம் வருகிறதா பார். கழுத்தைத் திருப்பித் தோளைப் பார்க்கச் சொல், முடிகிறதா? கேட்டால் பதில் சொல்கிறாரா, இல்லை பேச்சற்றுப்போய்விட்டாரா? நடக்கும்போது காலை இழுக்கிறாரா? இவ்வளவையும் பார்த்துவிட்டு மூன்று தீர்ப்புகளில் ஒன்று. குணப்படுத்துவேன், போராடிப் பார்ப்பேன், இதற்குச் செய்ய ஒன்றுமில்லை. அத்தனை பேரில் ஒரே ஒருவருக்குத்தான் மந்திரம் சொல்லப்படுகிறது. மற்றவர்களுக்கெல்லாம் கண்ணும் கையும்தான்.

ஆக, பார்ப்பது, கேட்பது, தொடுவது என்ற வழி அப்போதே இருந்தது. அந்த வழி நேராக நம் விபத்துப் பிரிவு வரைக்கும் வந்துசேர்ந்திருக்கலாம். வரவில்லை. நடுவே மருத்துவர்களின் பார்வை எலும்பிலேயே வெகுகாலம் சிக்கிக்கொண்டது. மண்டை உடைந்திருக்கிறதா என்பதே பெரிய கேள்வி ஆனது. உடைந்திருந்தால் ஆபத்து, உடையாவிட்டால் தப்பித்தார். இன்றைக்கும் நம் வீடுகளில் இதே தர்க்கம்தான். “மண்டையில ஒரு கீறல்கூட இல்ல, அப்புறம் என்ன பயம்?”

இந்தக் கட்டை அவிழ்த்தவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் அறுவை சிகிச்சையாளர்கள் சிலர். பிரான்ஸில் ஜான் லூயி பெத்தி, ஆன்றி லெ த்ரான். இங்கிலாந்தில் பெர்சிவல் பாட். எலும்பு முறிவதால் ஒருவர் நினைவிழப்பதில்லை, உள்ளே மூளைக்கு ஏற்படும் பாதிப்பால்தான் நினைவிழக்கிறார் என்று அவர்கள் எழுதினார்கள். பெத்தி இன்னொன்றையும் கவனித்தார். அடிபட்ட நொடியிலேயே நினைவிழப்பவர் ஒரு வகை. அடிபட்டு, எழுந்து, தெளிவாகப் பேசிவிட்டு, சில மணி நேரம் கழித்து மெல்ல மயங்குபவர் வேறொரு வகை. முதலாமவருக்கு மூளை அதிர்ந்திருக்கிறது. இரண்டாமவருக்கு உள்ளே ரத்தம் சேர்ந்துகொண்டிருக்கிறது.

இரண்டாவது ஏன் நடக்கிறது? பொட்டுப் பகுதியில் எலும்பு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. அந்த எலும்பில் சிறு விரிசல் விழுந்தாலே தமனி கிழியலாம். கசியும் ரத்தம் எலும்புக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவே கொஞ்சம் கொஞ்சமாகத் தேங்கும். மண்டையோடு மூடிய பெட்டி, விரிந்துகொடுக்காது. ரத்தம் இடம் பிடிக்கப் பிடிக்க மூளை நசுங்கும். அது நசுங்கும்வரை ஆள் நன்றாகத்தான் இருப்பார். பேசுவார், சிரிப்பார், டீ கேட்பார். 2009 மார்ச்சில் நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் கனடாவில் பனிச்சறுக்குப் பழகும்போது விழுந்தார். எழுந்தார், ஒன்றுமில்லை என்றார், உதவி வேண்டாம் என்றார். இரண்டு நாளில் இறந்துபோனார். பெத்தி எழுதி இரண்டரை நூற்றாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

*

எலும்பிலிருந்து மூளைக்குப் பார்வை நகர்ந்தது. மூளை அடிபட்டால் எதை இழக்கிறோம் என்ற அடுத்த கேள்வியை எழுப்பியவர் மருத்துவர் அல்ல, ரயில்பாதைத் தொழிலாளி.

1848 செப்டம்பர் 13. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கேவண்டிஷ் என்ற ஊர். ரயில்பாதைக்காகப் பாறை உடைக்கும் குழுவுக்கு ஃபினியஸ் கேஜ் மேஸ்திரி, வயது 25. பாறையில் துளை போட்டு, வெடிமருந்து நிரப்பி, இரும்புக் கடப்பாரையால் கெட்டிப்பது வேலை. அன்று தீப்பொறி கிளம்பியது. மூன்றரை அடிக்கும் சற்று நீளமான, ஆறு கிலோ எடையுள்ள கடப்பாரை அவர் இடது கன்னத்தின் வழியே புகுந்து உச்சி மண்டையைத் துளைத்துக்கொண்டு வெளியேறிப் போய் விழுந்தது.

சில நிமிடங்களில் கேஜ் பேசினார். மாட்டு வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி விடுதிக்கு வந்தார். டாக்டர் வரும்வரை வாசலில் நாற்காலியில் காத்திருந்தார். நம் ஹவுஸ் சர்ஜன் அங்கே இருந்திருந்தால் கேஸ் ஷீட்டில் என்ன எழுதியிருப்பார்? கண் தானாகத் திறந்திருக்கிறது. பேச்சு தெளிவு. சொன்னதைச் செய்கிறார். 15-க்கு 15.

ஜான் மார்ட்டின் ஹார்லோ என்ற உள்ளூர் டாக்டர் அவரைக் காப்பாற்றினார். நடுவே காயத்தில் சீழ் பிடித்து, கேஜ் பல நாள் நினைவு மங்கிக் கிடந்து பிழைத்தது தனிக் கதை. பிழைத்தவர் பழைய வேலையைக் கேட்டுப் போனபோது கம்பெனி தரவில்லை. அவர்கள் அறிந்த மேஸ்திரி பொறுப்பானவர். திரும்பி வந்தவர் பொறுமையற்றவர், வாய்க்கு வந்ததைப் பேசுபவர், போட்ட திட்டத்தை அடுத்த நிமிடமே கைவிடுபவர். இவர் எங்கள் கேஜ் இல்லை என்று நண்பர்கள் சொன்னதை ஹார்லோ இருபது ஆண்டு கழித்து, 1868-இல் எழுதிய கட்டுரையில் பதிவுசெய்தார்.

பாடப்புத்தகங்கள் இந்த இடத்தில் கதையை முடித்துவிடும். உண்மையில் கேஜ் பிறகு சிலி நாட்டுக்குப் போய்ப் பல ஆண்டுகள் குதிரைவண்டி ஓட்டினார். பல குதிரைகள் பூட்டிய வண்டியை, பயணிகளோடு, கரடுமுரடான பாதையில் ஓட்டுவதற்கு நிதானம் வேண்டும். அவர் கணிசமாகத் தேறியிருக்க வேண்டும் என்று மால்கம் மக்மில்லன் போன்ற ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். வலிப்பு வந்து 1860-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் இறந்தார். மண்டையோடும் கடப்பாரையும் ஹார்வர்டின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ஹார்லோ செய்த முக்கியமான காரியம், காயம் ஆறியதோடு நோட்டை மூடிவிடாதது. அடிபட்டவரோடு வாழ்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். இதை ஞாபகம் வைத்துக்கொள்வோம், கடைசியில் திரும்பவும் தேவைப்படும்.

*

இருபதாம் நூற்றாண்டு தலைக்காயத்தை மொத்தமாக உற்பத்தி செய்தது. இரண்டு உலகப் போர்கள் ஒருபக்கம், மோட்டார் சைக்கிள் இன்னொரு பக்கம்.

1935 மே மாதம் ‘அரேபியாவின் லாரன்ஸ்’ எனப்பட்ட டி.ஈ. லாரன்ஸ் பைக் விபத்தில் அடிபட்டு, ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ். இரண்டாம் உலகப் போரில், விளக்கணைத்த இருட்டுச் சாலைகளில் ராணுவச் செய்தி கொண்டுபோகும் பைக் ஓட்டிகள் கொத்துக்கொத்தாகச் சாவதைக் கண்ட கெய்ர்ன்ஸ், ஹெல்மெட் போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டு 1941-இல் கட்டுரை எழுதினார். பிரிட்டிஷ் ராணுவம் தன் பைக் ஓட்டிகளுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. நம் ஊரில் பெட்ரோல் டேங்க் மேல் ‘அழகாக’ உட்கார்ந்திருக்கும் ஹெல்மெட்டுக்குப் பின்னால் இவ்வளவு சாவு இருக்கிறது.

கெய்ர்ன்ஸைச் சுற்றி ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கூட்டம் சேர்ந்திருந்தது. அதில் ஹோல்போர்ன் என்பவர் இயற்பியலாளர். மூளையைப் போல ஜெலட்டின் பாகை அச்சில் ஊற்றி, ஆட்டிப் பார்த்தார். நேராக மோதும் அடியைவிடத் தலை சட்டென்று திருகும்போதுதான் உள்ளே அதிகம் கிழிகிறது என்று 1943-இல் எழுதினார். பாத்திரத்தைச் சுழற்றி நிறுத்தினால் பாத்திரம் நின்றுவிடும், உள்ளே இருக்கும் கேசரி நிற்காது, அந்த மாதிரி. 1956-இல் சபீனா ஸ்ட்ரிச், கடும் தலைக்காயத்துக்குப் பின் மாதக்கணக்கில் உணர்வு திரும்பாமல் இறந்தவர்களின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தார். பெரிய ரத்தக்கட்டு இல்லை, பெரிய முறிவும் இல்லை. ஆனால் மூளையின் வெண்பகுதி முழுக்க நரம்பிழைகள் அறுந்து சிதைந்திருந்தன. வெளியே கீறல் இல்லாத தலைக்குள் இழையிழையாக ஒரு சேதம். எலும்பைப் பார்த்தே தீர்ப்புச் சொன்ன பழைய காலத்தை இந்த நுண்ணோக்கி முற்றிலும் முடித்துவைத்தது.

அதே வட்டத்தில் ரிச்சி ரஸ்ஸல் என்ற நரம்பியல் மருத்துவர் 1930-களிலிருந்தே வேறொரு அளவுகோலை வைத்திருந்தார். அடிபட்டவரிடம், தேறியபின், “அன்னைக்கு நடந்ததுல உங்களுக்கு எதுலேர்ந்து தொடர்ச்சியா ஞாபகம் இருக்கு?” என்று கேட்பது. விபத்துக்கும் அந்த நினைவுக்கும் இடையே எத்தனை மணி நேரம் அல்லது எத்தனை நாள் காணாமல் போயிருக்கிறதோ, அதுதான் காயத்தின் ஆழம். மருத்துவமனைக்கு வந்து நர்ஸோடு பேசியிருப்பார், இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருப்பார். கண்ணும் வாயும் கையும் சரி. ஆனால் அந்த மூன்று நாளில் எதுவுமே உள்ளே பதிந்திருக்காது. மிக நல்ல அளவுகோல், இன்றும் பயன்படுகிறது. ஒரே குறை, தேறிய பிறகுதான் அளக்க முடியும். நடு இரவில், இவரை அறுவை அரங்குக்குக் கொண்டுபோவதா வேண்டாமா என்று நிற்பவருக்கு அது உதவாது.

*

அந்த நடு இரவுக்கான கேள்விதான் கிளாஸ்கோவில் தீர்ந்தது.

1960-களின் வார்டுகளில் நினைவிழந்தவரைப் பற்றி எழுத மருத்துவர்களிடம் சொற்கள் ஏராளமாக இருந்தன. ஸ்டூபர், செமி-கோமா, டீப் கோமா, டிரௌசி. பிரச்சினை என்னவென்றால், ஒருவருடைய செமி-கோமா இன்னொருவருடைய ஸ்டூபர். நமக்கு இது புரியக் கஷ்டமே இல்லை. தமிழில் ‘மயக்கம்’ என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் தலை சுற்றினாலும் மயக்கம், தடாலென்று விழுந்தாலும் மயக்கம், குடித்துக் கிடந்தாலும் மயக்கம், ஆபரேஷனுக்குக் கொடுப்பதும் மயக்கம், ஒரு வாரமாகக் கண் திறக்காவிட்டாலும் மயக்கம். “காலையில அரை மயக்கம், இப்ப முழு மயக்கம்” என்று ஒருவர் சொன்னால், ஆள் மாறியிருக்கிறாரா, சொன்னவர் மாறியிருக்கிறாரா?

தலைக்காயத்தில் எல்லாமே இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. இரண்டு மணிக்கு இருந்ததைவிட நாலு மணிக்கு மோசமாகியிருக்கிறாரா? ஆகியிருந்தால் உள்ளே ரத்தம் தேங்குகிறது, மண்டையைத் திறக்க வேண்டும். ஆனால் இரண்டு மணிக்குப் பார்த்தவர் ஒருவர், நாலு மணிக்குப் பார்ப்பவர் வேறொருவர். இருவரும் ஒரே சொல்லை ஒரே அர்த்தத்தில் எழுதாவிட்டால் அந்த இரண்டு மணி நேரம் பாழ்.

கிளாஸ்கோவின் நரம்பியல் கழகத்தில் பிரையன் ஜென்னட் பேராசிரியர், கிரகாம் டீஸ்டேல் இளம் மருத்துவர். இவர்கள் சேர்ந்து 1974 ஜூலையில் ‘லான்செட்’ இதழில் சில பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். மயக்கம் என்றால் என்ன என்ற வரையறைக்குள்ளேயே அவர்கள் போகவில்லை. கண் எப்போது திறக்கிறது, வாய் என்ன பேசுகிறது, கை என்ன செய்கிறது. கண்ணில் பட்டதை மட்டும் எழுது, அதற்கு உன் விளக்கம் வேண்டாம் என்றார்கள்.

இன்றைய வடிவில் கணக்கு இப்படி. கண் தானாகத் திறந்திருந்தால் 4, கூப்பிட்டால் திறந்தால் 3, அழுத்தினால் திறந்தால் 2, திறக்கவே இல்லையென்றால் 1. பேச்சு தெளிவாக இருந்தால் 5, குழம்பினால் 4, சம்பந்தமில்லாத சொற்கள் 3, வெறும் முனகல் 2, ஒன்றுமில்லை 1. கை சொன்னபடி அசைந்தால் 6, அழுத்தும் இடத்தைத் தேடி வந்தால் 5, இழுத்துக்கொண்டால் 4, கோணலாக மடங்கினால் 3, விறைத்து நீண்டால் 2, அசைவே இல்லையென்றால் 1. அதிகபட்சம் 15. குறைந்தபட்சம் 3. பூஜ்யம் கிடையாது, பிணத்துக்கும் 3 உண்டு.

கை அசைவுக்கு முதலில் 5 படிகள்தான் இருந்தன, சில ஆண்டுகளில் 6 ஆனது. நகத்தின் மேல் பென்சிலை வைத்து அழுத்திப் பார்க்கும் வழக்கமும் அங்கிருந்து வந்ததுதான். ‘வலி’ என்று இருந்த சொல்லை நாற்பதாம் ஆண்டில், 2014-இல், ‘அழுத்தம்’ என்று மாற்றினார்கள்.

இந்த அளவுகோலின் பலம், இதை நர்ஸும் போடலாம் என்பது. சொல்லப்போனால் நர்ஸுக்காகவே இது. கன்சல்டன்ட் காலையில் ஒருமுறை வந்து போவார். இரவெல்லாம் படுக்கையருகே இருப்பவர் செவிலியர். கால் மணிக்கு, அரை மணிக்கு ஒரு புள்ளி என்று சார்ட்டில் வைத்துக்கொண்டே போனால், விடியும்போது ஒரு கோடு தெரியும். கோடு கீழே இறங்கினால் டாக்டரை எழுப்பு. பாப்பிரஸ் காலத்தில் தேர்ந்த ஒருவருக்குள் இருந்த பார்வை, இப்போது பயிற்சிபெற்ற எவரும் ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் கைமாற்றக்கூடிய பொருள் ஆனது.

அதன் அவசியம் அடுத்த ஆண்டே தெரிந்தது. 1975-இல் கிளாஸ்கோவைச் சேர்ந்தவர்கள் இன்னொரு கட்டுரை எழுதினார்கள். பேசிய பிறகு இறந்தவர்கள் பற்றியது. தலையில் அடிபட்டு இறந்தவர்களில் ஒரு பங்கினர், அடிபட்ட பின் வாய் திறந்து பேசியிருக்கிறார்கள். பேச முடிந்ததென்றால் முதல் அடியே அவர்களைக் கொன்றுவிடவில்லை. பின்னால் வந்த ரத்தக்கட்டும் வீக்கமும் கொன்றன. அதாவது, தவிர்த்திருக்கக்கூடிய சாவுகள் அவற்றில் இருந்தன. ஒரு மருத்துவமனைக் கூட்டம் தன் சாவுகளைத் திரும்ப எடுத்து விரித்துப் பார்த்து, இவரை விட்டிருக்கக் கூடாது என்று எழுதுவது லேசான காரியமில்லை.

அதே காலத்தில் இன்னொரு புரட்சியும் நடந்தது. 1971 அக்டோபர் 1-ஆம் தேதி லண்டனுக்கு அருகே அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய சி.டி. ஸ்கேனில் முதல் நோயாளியின் தலை படமெடுக்கப்பட்டது. அதுவரை உள்ளே ரத்தம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, ரத்தக்குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுக்க வேண்டும், அல்லது சந்தேகப்படும் இடத்தில் மண்டையில் துளை போட்டே பார்த்துவிட வேண்டும். வேலூரில் ஜேக்கப் சாண்டி 1949-இலும், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி 1950-இலும் நரம்பியல் அறுவை சிகிச்சையைத் தொடங்கியபோது இந்த ஸ்கேனும் கிடையாது, இந்த அளவுகோலும் கிடையாது. கண் பாப்பா ஒருபக்கம் விரிகிறதா, நாடி மெதுவாகிறதா என்ற பழைய அறிகுறிகளை வைத்துத்தான் மண்டையைத் திறக்கும் முடிவை எடுக்க வேண்டியிருந்தது.

ஸ்கேன் வந்தபின் அளவுகோலுக்கு வேலை போய்விடும் என்று நினைக்கலாம். போகவில்லை. ஸ்கேன் ஒரு நொடியின் படம். யாரை, எப்போது அதற்குள் அனுப்புவது என்று சொல்ல இன்னும் அந்த மூன்று கேள்விகள்தான் வேண்டும்.

*

பொது மொழி கிடைத்தால் ஊர்விட்டு ஊர் ஒப்பிடலாம். ஜென்னட் குழு கிளாஸ்கோ, நெதர்லாந்து, லாஸ் ஏஞ்சலிஸ் ஆகிய இடங்களிலிருந்து கடும் தலைக்காயமுற்ற 700 பேரின் விவரங்களைத் திரட்டி 1977-இல் வெளியிட்டது. சிகிச்சை முறைகள் ஊருக்கு ஊர் வேறு. ஆனால் மூன்று இடத்திலும் ஏறக்குறையப் பாதிப்பேர் இறந்திருந்தார்கள். மீதிப் பாதி என்ன ஆனார்கள்? அதற்கும் ஜென்னட் 1975-இலேயே மைக்கேல் பாண்ட் என்ற மனநல மருத்துவரோடு சேர்ந்து ஐந்து படிகளில் ஒரு விளைவு அளவுகோலைச் செய்துவைத்திருந்தார். அதற்கும் முன், 1972-இல், உயிர் இருந்தும் கண் திறந்தும் எந்த உணர்வும் வெளித்தெரியாமல் கிடக்கும் நிலைக்கு, பிரெட் ப்ளம் என்பவரோடு சேர்ந்து அவர் ஒரு பெயர் சூட்டியிருந்தார். தீவிர சிகிச்சையும் வென்டிலேட்டரும் இல்லாத காலத்தில் அப்படி ஒரு நிலைக்கு வந்துசேரவே பலரால் முடிந்திருக்காது. காப்பாற்றத் தெரிந்துகொண்டவர், எதற்காகக் காப்பாற்றினோம் என்றும் கேட்டுக்கொண்டார்.

எண்கள் பரவும்போது அவற்றின் நுணுக்கம் தேயும். கண், வாய், கை மூன்றையும் தனித்தனியே எழுத வேண்டும் என்பதுதான் உருவாக்கியவர்களின் விருப்பம். கூட்டி ஒரே எண்ணாகச் சொல்வது பிறகு ஊன்றிய பழக்கம். 4, 5, 6 படிகளைப் பெருக்கினால் 120 விதமான நோயாளிகள் சாத்தியம். கூட்டுத்தொகையில் அவர்கள் 13 எண்களுக்குள் அடங்கிவிடுகிறார்கள். கண் விழித்து, ஒரு சொல்லும் பேசாமல், அழுத்தினால் கையை இழுத்துக்கொள்பவருக்கும் 9. கண் அழுத்தினால்தான் திறக்கிறது, முனகுகிறார், ஆனால் அழுத்தும் விரலைத் தட்டிவிடக் கை வருகிறது என்பவருக்கும் 9. இருவரும் ஒரே ஆள் இல்லை.

வாய்க்கான மதிப்பெண்ணில் இன்னொரு சிக்கல். தொண்டையில் குழாய் போட்டவர் பேச முடியாது. குடித்திருப்பவர் குழறுவார், அது சாராயமா மூளையா? “குடிச்சிருக்கான், போதை தெளிஞ்சா எந்திரிச்சிடுவான்” என்று ஓரமாகப் படுக்கவைக்கப்பட்டவர்களின் கதைகள் எந்த விபத்துப் பிரிவிலும் கிடைக்கும். அப்புறம் மொழி. நம் ஊர்க் கட்டடங்களில் சாரத்திலிருந்து விழுந்து வரும் ஒடிசாக்காரரிடம், பீகார்க்காரரிடம் “இது எந்த ஊரு?” என்று தமிழில் கேட்டு, அவர் விழித்தால், அது குழப்பமா, கேள்வி புரியாததா? ஐந்துக்கும் நாலுக்கும் இடையிலான அந்த ஒரு மதிப்பெண் மருத்துவக் கேள்வியாக மட்டும் இல்லை.

*

இனி, கைக்கு எட்டாமல் நழுவியவர்கள்.

13 முதல் 15 வரை ‘லேசான’ காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம், 8-உம் கீழும் கடுமை என்று ஒரு பிரிவு நிலைத்துவிட்டது. தலைக்காயத்தோடு வருபவர்களில் மிகப் பெரும்பாலானோர் அந்த முதல் பெட்டியில்தான் விழுகிறார்கள். ‘லேசான’ என்றது சாவுக்கான வாய்ப்பைப் பற்றி. நாளடைவில் அது வாழ்க்கையைப் பற்றிய தீர்ப்பாக மாறிவிட்டது. ஒன்றுமில்லை, லேசான அடிதான், ஒரு வாரத்தில் வேலைக்குப் போகலாம். அப்படிப் போனவர்களில் சிலருக்குத் தலைவலி நிற்காது. வெளிச்சம் ஆகாது. கடைக்காரருக்குச் சில்லறைக் கணக்கு வராது. ஆசிரியைக்கு மாணவர் பெயர்கள் வராது. ஸ்கேன் சுத்தமாக இருக்கும்.

லேசான அடிகள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 1928-இலேயே ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க நோயியல் நிபுணர் எழுதினார். ஆண்டுக்கணக்கில் முகத்தில் குத்து வாங்கிய குத்துச்சண்டைக்காரர்கள் தள்ளாடினார்கள், நாக் குழறினார்கள், புத்தி மங்கினார்கள். குத்துச்சண்டை உலகத்துக்கு அது முன்பே தெரியும், கேலிப்பெயர்கூட வைத்திருந்தது. 2002-இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக் வெப்ஸ்டர் ஐம்பது வயதில் சிதைந்துபோய் இறந்தார். பென்னட் ஒமாலு என்ற நைஜீரிய அமெரிக்க மருத்துவர் அவர் மூளையை ஆராய்ந்து, புரதப் படிவுகளைக் கண்டு, 2005-இல் வெளியிட்டார். வெப்ஸ்டர் ஆடிய காலத்தில் ஆட்டத்துக்கு ஆட்டம் அவரைச் சோதித்திருந்தால் பெரும்பாலும் 15-தான் வந்திருக்கும். இந்த நோயை இன்றைக்கும் இறந்த பிறகுதான் உறுதிசெய்ய முடிகிறது.

எதிர் முனையிலும் ஒருவர் இருந்தார். 2005-இல் பிரிட்டனில் சாலை விபத்தில் அடிபட்ட 23 வயதுப் பெண். கண் விழித்திருந்தார். சொன்னால் கை அசையவில்லை, வாய் பேசவில்லை. ஜென்னட் பெயர் சூட்டிய அதே நிலை என்று மருத்துவர்கள் முடிவுசெய்தார்கள். ஏட்ரியன் ஓவன் குழுவினர் அவரை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து, டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். பிறகு தன் வீட்டு அறைகளுக்குள் நடந்துபோவதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். ஆரோக்கியமானவர்களுக்கு மூளையின் எந்தப் பகுதிகள் இயங்குமோ, அவருக்கும் அதே பகுதிகள் இயங்கின. 2006-இல் கட்டுரை வந்தது. ஒரு பெண் மாதக்கணக்கில் பதில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கலாம். நாம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அவர் பதில் கை வரைக்கும் வந்துசேரவில்லை.

மூளை அணுக்கள் சிதையும்போது ரத்தத்தில் கலக்கும் புரதங்களை வைத்து யாருக்கு ஸ்கேன் தேவை என்று சொல்ல உதவும் ரத்தப் பரிசோதனைக்கு 2018-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. 2025-இல் ‘லான்செட் நியூராலஜி’ இதழில் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து புதிய சட்டகம் ஒன்றை முன்வைத்தார்கள். லேசு, நடுத்தரம், கடுமை என்ற மூன்று பெட்டிகள் போதாது என்றார்கள். அவர்கள் நிறுத்தியவை நான்கு தூண்கள். முதலாவதில் கண்-வாய்-கை மதிப்பெண் இருக்கிறது, மூன்றையும் தனித்தனியே எழுத வேண்டும் என்ற பழைய விருப்பத்தோடு. அடுத்தது ரத்தப் பரிசோதனை. அடுத்தது ஸ்கேன். நான்காவது, அந்த ஆள் அடிபடுவதற்கு முன் எப்படி இருந்தார், என்னென்ன நோய் இருந்தது, எந்த மாதிரியான சூழலுக்குத் திரும்பிப் போகப்போகிறார் என்பது.

நான்காவது தூணைப் படிக்கும்போது ஹார்லோ ஞாபகத்துக்கு வருகிறார். கேஜின் நண்பர்களிடம் அவர் கேட்டது இதைத்தான். கேஜ் அடிபட்டு 177 ஆண்டுகள் கழித்து அதற்குப் படிவத்தில் ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

திரும்பவும் நம் மாவட்ட மருத்துவமனை. அன்றிரவு பைக்கிலிருந்து விழுந்தவருக்கு 15 போட்டு, தையல் போட்டு, மறுநாள் அனுப்பிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது சரியான முடிவாகவே இருக்கலாம். ஒரு மாதம் கழித்துப் புறநோயாளிப் பிரிவு வரிசையில் அவரும் மனைவியும் நிற்கிறார்கள். டாக்டர் காயத்தைப் பார்க்கிறார், தழும்பு நன்றாக ஆறியிருக்கிறது. பேர் கேட்டால் சொல்கிறார், தேதி கேட்டால் சொல்கிறார். பின்னால் ஐம்பது பேர் நிற்கிறார்கள், சீட்டு அடுத்த ஆளுக்கு நகரப்போகிறது. அப்போது அந்த அம்மா மெல்லச் சொல்கிறார்: “எல்லாம் நல்லாத்தான் இருக்கார் சார். ஆனா இவர் முன்னாடி இப்படிக் கிடையாது.”

அந்த ஒரு வரியைக் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொள்ளும் டாக்டர் கிடைப்பாரா என்பதுதான் இன்னும் மீதமிருக்கும் கேள்வி.